மதில்மேல் ஆறு பேர்

நான் யாருடனும் சண்டைக்குப் போகிற ஆள் இல்லை. டீயில் சர்க்கரை கூடிப்போனால்கூட மறுபேச்சில்லாமல் குடித்துவிட்டு வந்துவிடுவேன். அதனால்தான், என் தங்கை எப்படி இறந்தாள் என்று விசாரிக்க நீங்கள் கூப்பிட்டதும் வக்கீல்கூட வைக்காமல் வந்து உட்கார்ந்திருக்கிறேன். மறைக்க என்ன இருக்கிறது?

என் வேலை கருத்துக்கணிப்பு. வீடுவீடாகப் போய்க் கேட்பது வேறு ஆட்கள். வந்த பதில்களுக்கு அர்த்தம் சொல்வது நான். தாங்கள் என்ன நினைக்கிறோம் என்பதே மக்களுக்குப் பெரும்பாலும் தெரியாது. பாவம், மறுநாள் பேப்பரைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறார்கள். அந்த உபகாரத்தைப் பல வருடமாகச் செய்துவருகிறேன்.

கருக்கலைப்பைப் பற்றிக் கேட்டபோது பத்தில் இரண்டு பேர் ‘எப்போதும் அனுமதிக்கலாம்’ என்றார்கள். இரண்டு பேர் ‘எப்போதுமே கூடாது’ என்றார்கள். மீதி ஆறு பேர் ‘சூழ்நிலையைப் பொறுத்தது’ என்றார்கள். மதில்மேல் பூனைகள். எந்தப் பக்கம் குதிக்கும் என்று பார்த்துக்கொண்டு உட்கார எனக்கு நேரமில்லை. கணிப்பு எடுக்கச் சொன்னது தடை வேண்டும் என்ற கட்சி. ஆறையும் அவர்கள் பக்கம் தள்ளிவிட்டேன். ‘கருக்கலைப்பைக் கட்டுப்படுத்த வேண்டும்: பத்தில் எட்டுப் பேர் விருப்பம்’ என்று தலைப்பு வைத்தேன். எதிர்க்கட்சி கேட்டிருந்தால் அதே ஆறை அந்தப் பக்கமும் தள்ளியிருப்பேன். அவர்கள் கேட்கவில்லை. சோம்பேறிகள்.

பதில்களைக் கணினியில் ஏற்றும் பெண் மட்டும் என் மேசைக்கு வந்து நின்றாள்.

“சார், அந்த ஆறு பேர்கிட்டயும் இன்னொரு கேள்வி கேட்டோமே. அம்மா உசுருக்கு ஆபத்துன்னா டாக்டரே முடிவு பண்ணட்டும்னு அத்தனை பேரும் சொல்லியிருக்காங்க. அதக் காணோமே?”

“பக்கத்துல இடமில்லம்மா” என்றேன். உண்மைதான். என் புகைப்படம் போட வேண்டியிருந்தது.

கேள்விகளை வெளியே கொண்டுபோகும் முன் வீட்டு ஆட்களிடம் கேட்டுப் பார்ப்பது எங்கள் வழக்கம். தங்கையிடம்தான் கேட்டிருந்தேன். மகளுக்குத் தலைவாரிக்கொண்டிருந்தாள். “எவ, என்ன கஷ்டத்துல இருக்கான்னு தெரியாம நான் எப்படிண்ணா சொல்றது? போ, உனக்கு வேற வேலையே இல்ல” என்றாள். ஒத்திகைப் பதில்களைக் கணக்கில் சேர்க்கக் கூடாதுதான். ஆனால் சொந்தத் தங்கையை விட்டுவிட மனம் வரவில்லை. அவளையும் ஆறில் சேர்த்தேன்.

சட்டம் வந்தது. சபையில் என் தலைப்பை வாசித்து மேசையைத் தட்டினார்கள். மீறுகிற டாக்டருக்குச் சிறை. தாயின் உயிருக்காகக்கூட விலக்கு வைக்கவில்லை. மக்கள்தான் அப்படி எதுவும் கேட்கவில்லையே.

தங்கைக்கு அது இரண்டாவது பிள்ளை. ஆசைப்பட்டுச் சுமந்தாள். ஐந்தாம் மாதத்தில் பனிக்குடம் உடைந்து காய்ச்சல் கண்டது. அவள் கணவர் ஆஸ்பத்திரி வராந்தாவிலிருந்து போன் செய்தார்.

“மச்சான், புள்ள பொழைக்காதுன்னு டாக்டரே சொல்றாங்க. ஆனா அதுக்குத் துடிப்பு இருக்கறவரைக்கும் கை வைக்க மாட்டாங்களாம், ஜெயிலாம். இவளுக்கு உடம்பு நெருப்பா கொதிக்குது. மந்திரி உங்களுக்குத் தெரிஞ்சவர்தானே? அவர் ஒரு வார்த்தை சொன்னா டாக்டருக்குத் தைரியம் வரும். உங்க கால்ல வேணாலும் விழறேன்.”

மந்திரியின் எண் என்னிடம் இருந்தது. பேசியிருந்தால் கேட்டிருப்பார். ஆனால் பாருங்கள், பத்தில் எட்டுப் பேர் விருப்பம் என்று சொன்ன நானே என் வீட்டுக்கு என்றதும் மாற்றிப் பேசினால் அடுத்த கணிப்பை யார் நம்புவார்கள்? “டாக்டர் சொல்றபடி கேளுங்க மாப்ள” என்று சொல்லி வைத்துவிட்டேன். பிள்ளைக்குத் துடிப்பு நின்று டாக்டர் உள்ளே போனபோது அவள் உடம்பு முழுக்க விஷமேறியிருந்தது. நான் அழுதேன். ஒரே தங்கை.

அவள் படம் பேப்பரில் வந்த பிறகு மறுபடி கணிப்பு எடுத்தார்கள். பத்தில் ஏழு பேர் இந்தச் சட்டமே வேண்டாம் என்றார்கள். அர்த்தம் சொல்ல என்னைத்தான் கூப்பிட்டார்கள். ‘தற்காலிக அனுதாபம்’ என்று எழுதி அதில் பாதியைக் கழித்துவிட்டேன். சட்டம் அப்படியே இருக்கிறது.

ஆக, அந்த இரண்டாவது கேள்வியை எடுத்தது நான். ஆறு பேரைத் தள்ளியது நான். மந்திரியைக் கூப்பிடாததும் நான். தாராளமாக எழுதிக்கொள்ளுங்கள். அவளைக் கொன்றது நான் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், அதற்கு ஆதாரம் போதாது. மாப்பிள்ளை ஒருவர்தான் “நீதான்யா அவளக் கொன்ன” என்று என் சட்டையைப் பிடித்தார். ஒரே ஒருவர் பதிலை வைத்துக்கொண்டு எந்த முடிவுக்கும் வர முடியாது. அம்மா, தங்கை மகள், சித்தப்பா வீட்டார் எல்லாரும் அன்றிலிருந்து என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அத்தனை பேரையும் என் பக்கம் சேர்த்துக்கொண்டேன்.