சுவருக்குத் தண்ணி

— மேஸ்திரி, நில்லுங்க! என் முட்டி ரெண்டும் கழண்டு கையில வந்துடும் போல. இந்த வயசுல என்ன ஓட்டம்!

— பின்னாடியே வராதம்மா. நேத்து வச்ச சுவரு. வெயில் கொளுத்துது, தண்ணி ஊத்தலைன்னா வெடிச்சுடும்.

— நீங்க சுவரு வச்ச அந்த வீட்டையே எப்பவோ இடிச்சு, இப்ப அங்க பெட்ரோல் பங்க் நிக்குது. முதியோர் ஹோமுக்குத் திரும்பி வாங்க.

— என் சித்தாளு ஒத்தையா குடம் சுமந்துகிட்டிருப்பா.

— உங்க சித்தாளு, அதான் உங்க சம்சாரம், நம்ம ஹோம்லதான் மாடி ஜன்னல்கிட்ட உக்காந்திருக்காங்க. தினம் காட்டுறேன்ல?

— அந்தம்மாவா? கையைக் கட்டிகிட்டு சும்மா உக்காந்திருக்கு. ஒரு வார்த்தை திட்டலை. என் சித்தாளு சும்மா உக்காருவாளா? ஆளை மாத்தி ஏமாத்தாதே.

— வந்ததுலேர்ந்து அவங்க வாயே தொறக்கலை, நான் என்ன பண்ண? இன்னொரு தடவை கேட்டைத் தாண்டினா உங்களைப் பூட்டு போட்ட வார்டுல விட்டுடுவாராம் மேனேஜர். அங்க முற்றமும் இல்லை, ஜன்னலும் இல்லை. வாங்க. தண்ணி ஊத்தணும், அவ்வளவுதானே? இதோ, ஹோமுக்குள்ள வந்தாச்சு, முற்றத்துச் சுவரு பாருங்க. நேத்து பூசினது.

— தட்டினா கணீர்னு கேக்குது. கட்டி எத்தனையோ வருசம் ஆச்சு. மேல சிமெண்ட் பால் அடிச்சிருக்கே. எந்தப் புத்திசாலி வேலை?

— என் வேலைதான். இடுப்பு போனதுதான் மிச்சம்.

— கூறு கெட்டவளே!

— அப்ப நீங்களே ஒண்ணு வைங்க! பாத்ரூம் கட்டி மிஞ்சின செங்கல் கிடக்கு, அரை மூட்டை சிமெண்டும் மணலும் கிடக்கு. செடிக்கு ஒரு தொட்டி கட்டுங்க. உங்க சுவரு, உங்க தண்ணி. ஆனா அதை விட்டுட்டு வெளிய போகக் கூடாது.

— ஈரம் காயாத பச்சைச் சுவரை விட்டுட்டு எவன் போவான்? சித்தாளு யாரு?

— நான்தான். இத்தனை பேருக்குக் கஞ்சி கிண்டுற கை, கலவை போடாதா?

— பொறு, பொறு! மொத்தத் தண்ணியையும் கொட்டிட்டியே. இது கலவையா, உன் கஞ்சியா?

— கத்தாதீங்க, எல்லாரும் எட்டிப் பாக்குறாங்க. இந்தாங்க கல்லு, வைங்க.

— நனைச்சியா?

— கல்லையுமா நனைக்கணும்?

— காஞ்ச கல்லு கலவையில இருக்கிற ஈரத்தையெல்லாம் குடிச்சுடும்மா! என் சித்தாளா இருந்தா நான் வாயைத் தொறக்குறதுக்குள்ள ஊறப் போட்டிருப்பா. சரி, குடு... அடுத்தது... இன்னொண்ணு...

— யோவ் மேஸ்திரி! நூல் கட்டாம கல்லு வைக்கிறியே, வரிசை கோணிகிட்டுப் போகுது பாரு!

— அய்யோ, மாடியம்மா! மேஸ்திரி, அவங்க பேசுறாங்க!

— இரும்மா... யாருடி அது மேல? இந்த வாய் எனக்குத் தெரிஞ்ச வாயாச்சே!

— தெரியாமலா போகும்? ஊரான் வீட்டுக்கெல்லாம் சுவர் வச்சே. நம்ம சமையக்கட்டுக்கு மட்டும் தகரத்தைச் சாத்திட்டு, அடுத்த மாசம், அடுத்த மாசம்னே ஓட்டினே. தொட்டியை முடிச்சுட்டு மேல வா. எனக்கு நீ இன்னும் ஒரு சுவர் பாக்கி.