ஒரு ஃபில்டர் மட்டும் அழுக்கு

— கதவைச் சாத்துடா, முதல்ல கதவைச் சாத்து! தராசுல தூசி புடிக்கிற ஃபில்டர் இருக்கு. நீ ஒரு பெருமூச்சு விட்டாப் போதும், நம்பர் தாறுமாறா ஓடும்.

— பெருமூச்சு விடாம என்னக்கா பண்றது? ஆஸ்பத்திரியிலேருந்து நேரா வர்றேன்.

— எப்படி இருக்கா உன் பொண்டாட்டி?

— எப்படி இருப்பா. ரெண்டு வார்த்தை பேசினா மூணாவது வார்த்தைக்கு மூச்சு இல்ல. டி.பி.ன்னு மாத்திரை கொடுத்தாங்க, கேக்கவே இல்ல. இன்னிக்குப் புதுசா ஒரு டாக்டர் வந்தார். எக்ஸ்ரேயை வெளிச்சத்துல புடிச்சுப் பாத்துட்டு, "ஏம்மா, நீ கல்லு உடைக்கிற வேலை பாத்திருக்கியா"ன்னு கேக்கறார்.

— அவளையா?

— அவளைத்தான்! "சுரங்கத்துக்குப் போறவன் நான் டாக்டர், படத்தை மாத்திப் புடிச்சிட்டீங்களா"ன்னேன். அவளுக்குச் சிரிப்பு வந்துடுச்சு. சிரிக்கப் போயி இருமல், இருமல், நிக்கவே இல்லக்கா.

— பிள்ளைங்களை யாரு பாத்துக்கறா?

— பெரியவதான். வீடே இப்ப அவ தலையிலதான். சின்னவனை மிரட்டிச் சோறு ஊட்டறதைப் பாக்கணுமே, அப்படியே அவ அம்மாவை உரிச்சு வெச்சிருக்கா.

— சரி, உக்காரு. உன்னை எதுக்குக் கூப்பிட்டேன்னா...

— தெரியும். போன வாரம் நான் கொடுத்த ஃபில்டர். அதைத் தூக்கிப் போட்டுடு.

— என்னது? தூக்கிப் போடவா? இந்தா பாரு, இத்தனை வருஷமா உன் இடுப்புல பம்ப் கட்டி, காலர்ல இந்த ஃபில்டரை மாட்டி, ஆன் பண்ணி அனுப்புறேன். நீ மூக்குல இழுக்கற காத்தை அதுவும் இழுக்கணும்னு. நீ துளை போடுற இடத்துல கையை நீட்டினா கை தெரியாது. ஆனா ஷிஃப்ட் முடிஞ்சு வந்தா ஃபில்டர் மட்டும் மாப்பிள்ளை வேட்டி மாதிரி பளிச்சுன்னு வரும். எனக்குத் தெரியாதா? இறங்கினதும் கழட்டி, நல்ல காத்து வர்ற குழாய் வாயில மாட்டிடுவே.

— எல்லாரும்தான் மாட்டுறோம். பம்ப் டியூப் டிரில்லுல சிக்கிக்குது. அதுவுமில்லாம, தூசி அதிகம்னு வந்தா அந்த இடத்தை மூடிடுவாங்க. மூடிட்டா நாங்க வீட்ல ஈ ஓட்டறதா?

— மூடினாத்தான்டா தண்ணிக் குழாய் போடுவாங்க! தண்ணி விட்டுத் துளை போட்டா தூசி எழும்பாதுன்னு கரடியாக் கத்துறேன். மேனேஜர் என்ன சொல்றார் தெரியுமா? "உங்க தம்பி ஃபில்டரே சுத்தமா இருக்கேம்மா"ங்கிறார். எனக்கு நாக்கைப் புடுங்கிட்டுச் சாகலாம் போல இருக்கும்.

— சரி, விடுக்கா.

— எப்படி விடுவேன்? உன் ஃபில்டர் முதல் தடவையா அழுக்கா வந்திருக்கு. எடை போட்டுட்டு, தராசுதான் கெட்டுப்போச்சோன்னு மறுபடி போட்டேன். சோதனைக்கும் அனுப்பினேன். நம்ம சுரங்கத்துக் கல்லுத்தூள்தான், சந்தேகமே இல்லன்னு சொல்லிட்டாங்க. என் தம்பிக்கு இப்பவாவது புத்தி வந்துச்சேன்னு இங்க தனியா உக்காந்து அழுதேன்டா. "வேலை பாக்கறப்போ போட்டிருந்தேன்"னு மேனேஜர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லு. அது போதும்.

— சொல்ல முடியாதுக்கா.

— பயமா?

— பயமில்ல. அது கீழ புடிச்ச தூசியே இல்ல.

— புளுகாதே.

— அவ மேல சத்தியமா.

— படுத்த படுக்கையா கிடக்கிறவ மேல சத்தியம் பண்ணாதேடா, பாவி!

— நீ நம்ப மாட்டேங்கிறியே, நான் என்ன பண்ண? அன்னிக்கும் வழக்கம்போலக் குழாய் வாயிலதான் மாட்டினேன். மேல வந்ததும் அவளுக்கு மூச்சு முட்டுதுன்னு ஃபோன். பம்பை உன்கிட்ட கொடுக்கணும்னே தோணல. போட்ட சட்டையோட ஓடினேன். சட்டையைக் கழட்டி ஆணியில மாட்டினேன், பம்பும் ஓடிட்டே அதோட தொங்குச்சு. அவளைத் தூக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடிட்டேன். மறுநாள் வந்து பாத்தா பம்ப் மட்டும் ஆணியில தொங்குது, பேட்டரி தீர்ந்து. அதைத்தான் உன்கிட்ட கொடுத்தேன். ஏதோ வீட்டுத் தூசிக்கா அது. அதான் தூக்கிப் போடுன்னேன்.

— வீட்டுத் தூசியா? உன் வீட்டுக்குள்ள சுரங்கத்துக் கல்லு எப்படிடா வந்துச்சு?

— எனக்கென்ன தெரியும்?

— ஆணி எங்க இருக்கு?

— படுக்கிற ரூம்ல.

— உன் வேலைச் சட்டையை எப்படித் துவைப்பா அவ? அப்படியே தண்ணியில முக்கிடுவாளா?

— இல்ல, முதல்ல உதறுவா. உதறாம முக்கினா வாளியெல்லாம் சேறாயிடுமாம். பட்டு பட்டுன்னு ஒரு உதறு உதறுவா பாரு.

— வெளியில நின்னுதானே?

— முன்னெல்லாம் வெளியிலதான். காயப்போட்ட துணியெல்லாம் தூசியாகுதுன்னு பக்கத்து வீட்டுக்காரி சண்டைக்கு வந்தா. நமக்கு எதுக்கு வம்புன்னு அப்புறம் ரூமுக்குள்ளயே வெச்சு உதறுவா, ஜன்னலைச் சாத்திட்டு. பெரியவ பொறந்ததிலேருந்தே அப்படித்தான்.

— ஐயோ.

— ஏன்க்கா அப்படிப் பாக்கறே?

— டாக்டர் படத்தை மாத்திப் புடிக்கலடா.

— என்ன சொல்றே நீ? அவ ஒரு நாளாவது கீழ இறங்கியிருக்காளா?

— அவ எதுக்கு இறங்கணும்? நீதான் தினமும் சட்டையில சுமந்துட்டுப் போய்க் கொடுத்திருக்கியே.

— இல்லக்கா. அப்படி இருக்காது. மறுபடி எடை போடு. தராசு கெட்டிருக்கும். போடுக்கா!

— நான் போட்டு என்னடா ஆகப்போகுது...

— நான் எங்க போய் முட்டிக்குவேன்? எனக்கு ஒரு இருமல் கூட இல்லியேக்கா! என் சட்டை சுத்தமா இருக்கணும்னுதானே அவ... டாக்டர்கிட்ட சிரிச்சாளேக்கா அவ!

— அழாதே. இரு. இருடா, ஒரு நிமிஷம். எனக்கு ஒண்ணு இடிக்குது. அன்னிக்கு நீ சட்டையை மாட்டிட்டு அவளைத் தூக்கிட்டுப் போயிட்டே இல்ல?

— ஆமா.

— ராத்திரி முழுக்க அவ ஆஸ்பத்திரியில. நீயும் அங்கதான்.

— ஆமா. அதுக்கென்ன இப்ப?

— அப்ப இந்த ஃபில்டர்ல இருக்கறது அவ உதறின தூசி இல்ல. உன் சட்டையை எடுத்து உதறினது யாரு?

— மறுநாள் சட்டை துவைச்சுக் கொடியில கிடந்துச்சேக்கா.

— டேய், உன்னைத்தான் கேக்கறேன். யாரு?

— பெரியவ. அவ அம்மா பண்ற மாதிரியே, ஜன்னலைச் சாத்திட்டு.