ஒன்பது வீட்டு விருந்தும் ஒரு தேர்வும்

நம் விருந்தோம்பல் ஒருவரின் பதவி உயர்வையே தடுத்துவிடக்கூடுமா? புலாவ் செபாங்கிலிருந்து மலாக்கா செல்லும் பஸ்ஸில், என் முன் இருக்கையில் இருந்த புதுமணத் தம்பதியின் பேச்சு இக்கேள்வியை எழுப்பியது. கணவர் இராணுவ வீரர்; திருமண விடுப்பில் வந்திருந்தார்.

“ஒம்பது வீட்டு விருந்து முடிஞ்சிருச்சு. திங்கக்கிழமை எடை பார்த்து இடுப்பை அளப்பாங்க. கூடிப்போச்சுன்னா கோப்ரல் பதவி உயர்வுக்கான கோர்ஸ் கிடைக்காதுலா.”

“எல்லா வீட்டுலயும் ரெண்டாவது தடவை பாயசம் குடிச்சது யாருங்க?”

“வேணாம்னா உங்க சொந்தக்காரங்க மூஞ்சி வாடிப்போகுதும்மா.”

“இன்னிக்கு, பத்து பெரண்டாம் ஊர்ல இருக்கிற சித்தி வீடு. ஆட்டுக்கறியாம்.”

“ஐயோ!”

மனைவி உடனே கைப்பேசியை எடுத்தார். “சித்தி, வந்துகிட்டு இருக்கோம். அவருக்குக் கீரையும் மீனும் போதும். திங்கக்கிழமை டெஸ்ட் இருக்கு. கோவிச்சுக்காதீங்க.”

மறுமுனையில் சொன்னதைக் கேட்டுச் சிரித்தார். “சித்தி கோவிச்சுக்கல. கறியைச் சித்தப்பா பாத்துக்குவாராம். நீங்க ரெண்டு ஸ்டாப் முன்னாடியே இறங்கி ஓடி வாங்க.”

“நீ?”

“எனக்கென்ன டெஸ்டா? நான் பஸ்லயே வர்றேன்.”

பத்து பெரண்டாமுக்கு இரண்டு ஸ்டாப் முன்பே கணவர் இறங்கி ஓடத் தொடங்கினார். மனைவி ஜன்னல் வழியே கையசைத்தார்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில், விருந்தினரைக் கேட்காமல் இரண்டாம் முறை பரிமாறுவதில்லை.