டீச்சரின் நாய்க்குத் தைரியம் வந்த கதை

“கண்ணு பொடதியிலயா இருக்கு ஒனக்கு? ரோட்டுல நாய் வர்றது தெரியலையா?” என்று கத்தினாள் அன்னலட்சுமி டீச்சர்.

“அல்லாஹ் மேல ஆண, நான் மெதுவாத்தான் வந்த டீச்சர். நாய்தான் குறுக்கால பாஞ்ச,” என்றான் ஆட்டோவில் பாட்டுப் போட்டுப் பாண் ரொட்டி விற்கும் ஷிராஸ்.

இரண்டு பேருக்கும் நான்தான் பிளேன்டீ ஊற்றிக் கொடுத்தேன். அடுத்த வீட்டுக்காரி என்றால் அதற்குத்தானே.

ஷிராஸ் பொய் சொல்லவில்லை. சூட்டி பாய்ந்தது உண்மைதான்.

டீச்சர் அம்பிட்டியவுக்குத் தனியாகக் குடிவந்தபோது, சூட்டியைப் போல் உத்தமமான நாய் கிடையாது. ஆள் நிழல் பட்டாலே தண்ணீர்த் தாங்கிக்குக் கீழே போய் நடுங்கும். நான் நிம்மதியாக வேலியோரம் நிற்பேன். அந்தியில் டீச்சர் வீட்டுப் பின்னால் வந்து, கம்பளையில் யாரோ ஒருவரோடு ஃபோனில் சிரித்துச் சிரித்துப் பேசுவாள். தனியாக இருக்கிற பிள்ளை. யாராவது கவனிக்க வேண்டாமா?

பிறகு அவளுக்கு ஒரு ஞானம் வந்தது. கையில் குட்டியாக ஒரு கிளிக்கர். நாய் துணிந்து ஓரடி வைத்தால் ‘டக்’, உடனே ஒரு துண்டு கோழி.

“சத்தம் கேட்டா சாப்பாடு நிச்சயம்னு அது நம்பணும் பாலம்மாக்கா. ஒருநாளும் ஏமாத்தக் கூடாது. தூரத்தக் கொஞ்சங்கொஞ்சமாக் கூட்டணும்.”

“நாய்க்கும் டியூஷனா டீச்சர்?” என்றேன். சிரித்தாள்.

தைரியம் வந்த சூட்டி முதல் வேலையாக, வேலியோரம் நின்ற என்னைப் பார்த்துக் குரைத்தது. கம்பளைக்காரரின் பெயர் வாயில் வரப்போகிற நேரம் பார்த்துக் குரைத்தது. டீச்சர் ஃபோனோடு உள்ளே போய்விட்டாள்.

என்னிடம் அழுத்தினால் அதே சத்தம் போடும் பேனா இருந்தது. நெத்தலிக் கருவாடும் இருந்தது. டீச்சர் பள்ளிக்கூடம் போன பகல்களில், முதலில் வேலி ஓட்டை, பிறகு கேட், பிறகு ரோட்டோரம். நானும் ஏமாற்றவில்லை, ஒவ்வொரு ‘டக்’குக்கும் ஒரு நெத்தலி. தின்றுவிட்டு அந்தியில் என்னைப் பார்த்தே குரைக்கும். கடமையில் அப்படியொரு சுத்தம்.

அன்று டீச்சர் குளிக்கப் போன நேரம், ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றேன். வளைவில் பாண் ஆட்டோவின் பாட்டு கேட்டது. கிட்ட வரும்வரை பொறுத்திருந்து அழுத்தினேன். சூட்டி யோசிக்கவே இல்லை. டீச்சரின் பயிற்சியைக் குறை சொல்ல முடியாது. அதற்குரிய நெத்தலியைப் பக்கத்தில் வைத்துவிட்டுத்தான் வந்தேன்.

அதற்குப் பிறகு எங்கள் பக்கத்தில் ஷிராஸிடம் ஒருவரும் பாண் வாங்கவில்லை. நானும் வாங்கவில்லை, டீச்சரின் மனம் நோகுமே. அவன் ஆட்டோவை விற்றுவிட்டுக் கலகெதரப் பக்கம் போய்விட்டான். டீச்சர் கம்பளையிலேயே கல்யாணம் கட்டிக்கொண்டு போனாள். எனக்கு அழைப்பு இல்லை. மாப்பிள்ளை பெயர்கூட இன்றுவரை தெரியாது. நாய்க்காக அழுதவளைத் தோளில் சாய்த்துக்கொண்டது நான். அந்த நேரத்திலாவது பெயரைச் சொல்லியிருக்கலாம்.