ஸ்வைனுங் உட்கார்ந்து வந்த கம்பு

மத்தியானம் மூன்று மணி. டிசம்பர் மாதம், அதனால் வடதேசத்துப் பனியில், எங்கள் டெலிமார்க் மலையில் அப்போதே இருட்டத் தொடங்கிவிட்டது. ஏரிக்கரை மருந்துக்கடையிலிருந்து மலை ஏறி இறங்கி மேல்பண்ணைக்குப் போகிற பாதையில், காலில் பனிச்சறுக்குப் பலகை கட்டிய ஒரே ஒரு ஆள்... ஸ்வைனுங். என் சிநேகிதி ஹேகெக்குச் சித்தப்பா. நெருங்கி உட்காருங்கள், செல்லங்களா. அந்தக் கம்பளியைக் காலிலும் இழுத்து விட்டுக்கொள்ளுங்கள்.

அவர் மகள் ஸிக்னேக்கு அப்போது ஐந்து வயது. தொண்டை அடைத்து, மூன்று நாளாக மூச்சு விசில் அடித்தது. ராத்திரிக்குள் மருந்து இறங்கினால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை என்று கடைக்காரர் சொல்லிவிட்டார். மருந்து உறையவும் கூடாதாம். ஸ்வைனுங் இரண்டு கையுறைகளையும் கழற்றிப் புட்டியைச் சுற்றினார், சட்டைக்குள் நெஞ்சோடு வைத்துக் கட்டினார். கை வெறும் கை.

கிளம்பும்போது கடை வாசலில் பக்கத்துப் பண்ணை திரெங்மன் நின்றிருந்தான்.

"மேலே பனி கண்ணாடி மாதிரி கிடக்குடா. இன்னிக்கு ஒருநாள் கம்புமேல உக்காந்து போ."

"நானா? எங்க மாடு பார்த்தா பால் கொடுக்காது."

"மாட்டுக்கு எவன்டா சொல்லப்போறான்?"

"வேற யாரு, நீதான்."

அந்தக் காலத்தில் பனியில் சறுக்குகிறவனுக்கு இரண்டு கைக்கும் சேர்த்து ஒரே கம்புதான். ஆள் உயரத்தைத் தாண்டும். சரிவில் அதைக் குறுக்கே பிடித்து, ஒரு காலை முன்னே விட்டு, மற்றதை மடக்கி, பலகையோடு திரும்ப வேண்டும். பயந்தவன்தான் கம்பைக் கால் இடுக்கில் கொடுத்து, அதன்மேல் உட்கார்ந்து தேய்த்துக்கொண்டு வருவான். அப்படி வந்தவனுக்குப் பெண் கொடுக்க எங்கள் பக்கத்தில் யோசிப்பார்கள். ஸ்வைனுங் வாழ்நாளில் ஒருமுறையும் உட்கார்ந்ததில்லை.

உச்சிக்கு வந்தபோது விரல்கள் இருக்கிற இடமே தெரியவில்லை. பலகையில் பூசின தார் வாசம் மட்டும் மூக்கில். கீழே, வீட்டுக்கு இறங்குகிற சரிவு... மங்கலாக, நீலமாக.

முதல் திருப்பத்தில் சறுக்கினார். இரண்டாவதில் விழுந்தார். படுத்தபடியே நெஞ்சைத் தாடையால் அழுத்திப் பார்த்தார். புட்டி உடையவில்லை. இன்னொரு தரம் விழுந்தால் உடையும்.

எழுந்தார். நாலு பக்கமும் பார்த்தார். யாருமில்லை. கம்பைக் கால் இடுக்கில் கொடுத்து... உட்கார்ந்தார்.

கர்ர்ர்ர்... பனியைக் கீறிக்கொண்டு கம்பின் முனை பின்னால் இழுபட்டது. வேகம் அடங்கியது.

பாதிச் சரிவில் கம்பு கொஞ்சம் தாழ்ந்தது. பின்னால் யாரோ ஏறிக்கொண்டது போல. பெரிய கனமில்லை... ஒரு ஆட்டுக்குட்டி அளவு. புளித்த பால் வாசம். பிடரியில் சூடாக ஒரு காற்று. பட்டது, நின்றது. பட்டது, நின்றது.

ஸ்வைனுங் பயப்படவில்லை. பயம் பிறக்கிற இடமும் சேர்ந்து மரத்துப்போயிருந்தது. திரும்பிப் பார்க்காமல் முற்றம்வரை வந்து, கம்பைப் பனியில் ஆழமாக ஊன்றி, அதைப் பிடித்தபடி அப்படியே நின்றார்.

மனைவி குரோ ஓடி வந்தாள். கையிலிருந்த விளக்கைக் காற்று அணைத்துவிட்டது.

"சட்டைக்குள்ள இருக்கு. எடு. அவளுக்கு முதல்ல கொடு."

எடுத்துக்கொண்டு ஓடினாள். சற்று நேரத்தில் திரும்பி வந்தாள். "இறங்கிடுச்சு! ரெண்டு மடக்கு குடிச்சா. உள்ளே வாயேன்."

"கை வரலை."

"அப்ப இந்தக் கம்போடயே குடித்தனம் பண்ணப் போறியா?"

அவள் சிரித்தாள். மூன்று நாளில் முதல் சிரிப்பு. இருட்டில் தடவி, ஒவ்வொரு விரலாக ஊதி ஊதிப் பிரித்தாள். ஒடிந்துவிடுமோ என்று பயந்து வாய்விட்டு எண்ணினாள். எல்லாம் குச்சி குச்சியாக, ஐஸாக இருந்தன. ஒன்பது... பத்து. ஸ்வைனுங் இரண்டு கைகளையும் அக்குளில் சொருகிக்கொண்டார்.

குரோ கம்பை இழுத்தாள். வரவில்லை. எங்கே சிக்கியிருக்கிறதென்று கையைக் கீழே ஓட்டினாள்.

அங்கே இன்னொரு விரல்.

மெலிசாக. கம்பைச் சுற்றி இறுக்கி. கொதித்தது.

பழகின கை, எண்ணிக்கொண்டே அதையும் பிரித்துவிட்டது. "பதினொண்ணு..."

திறந்திருந்த கதவு வழியே அதுவரை கேட்டுக்கொண்டிருந்த விசில் மூச்சு நின்றது.

குரோவுக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. அவளே அந்த விரலைப் பழையபடி கம்பின்மேல் மடக்கி வைத்தாள். அழுத்தினாள்.

விஸ்ஸ்... விஸ்ஸ்... உள்ளே மூச்சு மறுபடி ஓடியது.

விடியும்வரை அவள் உள்ளங்கையால் அதை மூடிக்கொண்டு நின்றாள். ஸ்வைனுங் மகளின் கட்டிலருகே உட்கார்ந்திருந்தார். வெளிச்சம் வந்தபோது கம்பில் எந்த விரலும் இல்லை. மகள் கஞ்சி கேட்டாள்.

பனி உருகுவதற்கு முன்பே கம்பைச் சுற்றிக் கல் அடுக்கிவிட்டார்கள். இன்றைக்கும் அந்த முற்றத்தில் நேராக நிற்கிறது. அதில் யாரும் கயிறு கட்டுவதில்லை, சாய்வதில்லை. ஸிக்னேக்கு இப்போது அறுபத்திரண்டு வயது. போன மாசிப் பனியில் ஹேகெ அங்கே போயிருந்தாள். கம்பில் ஒரு குழந்தையின் நெஞ்சு உயரத்தில், நாலு விரல் அகலத்துக்கு, பனி ஒட்டவே இல்லையாம்.

தொட்டுப் பார்த்தேன் என்றாள். சுட்டதாம்.