விஞ்சுக்கு எத்தனை டிக்கெட்

என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். ஐந்தாவதோடு படிப்பு நின்றதால் பிழையும் வரும். படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

தைப்பூசம் முடிந்த வாரம், நாமக்கல்லிலிருந்து பழனிக்குப் போன பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் ஒரு புருஷன் பெண்சாதி இருந்தார்கள். பழனி மலைமேல் ஆட்களைக் கம்பியால் இழுத்துப்போகும் விஞ்சு வண்டியைப் பற்றிப் புருஷன் கேட்டார்.

"விஞ்சுல பாதி மலைக்கு மட்டும் டிக்கெட் குடுப்பாங்களா புள்ள? மீதிய நடந்துட்டா பாதிக் காசு மிச்சம்."

நான் ஒட்டுக்கேட்பது தெரியக்கூடாது என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"அதென்ன டவுன் பஸ்ஸாங்க, நடுவுல எறங்கிக்க?" என்றார் அந்த அம்மாள்.

"அப்ப ஏறறதுக்கு மட்டும் எடுப்போம். எறங்கறதுக்கு எதுக்குக் காசு? உருட்டி உட்டா பூசணிக்காயே எறங்கீரும்."

"எனக்கு முழங்கால் ஆகாது, ரண்டுக்கும் எடுங்க. உங்களுக்குத்தான் ஏறறதுக்கு வேண்டாங்க."

"ஏன்?"

"போன வருசம் மஞ்சக்காமாலைல கெடந்தீங்கல்ல? பொழச்சு எந்திரிச்சா உங்களப் படியேற வெக்கறேன்னு முருகன்கிட்ட வேண்டிக்கிட்டனுங்க."

"வேண்டிக்கிட்டது நீ, ஏறறது நானா?"

"காமாலை யாருக்குங்க வந்துச்சு?"

பஸ் கரூர் தாண்டியது. அவர் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"ஏம்புள்ள, எறங்கறதுக்காச்சும் எனக்கொரு டிக்கெட் எடுத்துக்கட்டுமா?"

"ஏனுங்க, பூசணிக்காயே எறங்கீரும்னீங்க?"

எழுதியது, ஆடிப் பதினெட்டு, 1979.