முடிச்சுப் போட்ட கயிறு

குட்டைக்குப் பிளாஸ்டிக் பாய் விரிக்கக் காலை நேரம்தான் நல்லது. வெயில் ஏறிவிட்டால் அதில் கை வைக்க முடியாது. எங்கள் குட்டைக்கு நானும் என் மனைவியும்தான் விரித்தோம். மழைநீரைத் தேக்கி வைக்கும் விவசாயிக்கு அரசு பாதிச் செலவைத் தருகிறது. நான் பட்டதாரி, விண்ணப்பத்தை நானே எழுதினேன்.

பாய் வழுக்கும். உள்ளே விழுந்தவரால் தானாக ஏறி வர முடியாது. அதனால் நான்கு கரையிலிருந்தும் முடிச்சுப் போட்ட கயிறு தொங்க வேண்டும் என்பது விதி. படத்தில் கயிறு தெரிந்தால்தான் பணம் வரும்.

படம் எடுக்க வந்த வேளாண் துறை ஆய்வாளர் நல்ல மனிதர். யாரும் கயிறு வாங்கியிருக்க மாட்டார்கள் என்று அவருக்குத் தெரியும். தன் பைக் பெட்டியிலேயே ஒன்று வைத்திருந்தார். ஒவ்வொரு கரையிலும் அதையே கட்டிப் படம் எடுத்தார். முடிந்ததும் அவிழ்த்துச் சுருட்டினார்.

"இரவல் நகை போட்டு போட்டோ எடுத்த மாதிரி இருக்கு சார்" என்றாள் என் மனைவி.

"அப்போ நான்தாம்மா மாமியார். போட்டதை நானே கழட்டிட்டுப் போறேன்."

மூவரும் சிரித்தோம்.

அடுத்த மழைக்குக் குட்டை நிரம்பியது. மோட்டார் குழாயில் அடைத்த சருகை எடுக்கப் போன என் மனைவி திரும்பவில்லை. நான் சந்தைக்குப் போயிருந்தேன். வந்து உடலைத்தான் எடுத்தேன். தண்ணீர் வற்றிய பிறகுதான் பாயைப் பார்த்தேன். பாசி படிந்த அதில் விரல்கள் இழுத்த தடங்கள் இருந்தன. நான்கு பக்கமும் இருந்தன.

இந்த வருடம் மறுபடி குட்டை நிரம்பியது. பாயைச் சரிசெய்ய உதவி கேட்டு எழுதினேன். அதே ஆய்வாளர் வந்தார்.

"மனசைத் தேத்திக்கோ தம்பி. சின்ன வயசு" என்று தோளைத் தொட்டார்.

டீ போட்டுக் கொடுத்தேன். சர்க்கரை போதுமா என்று கேட்டேன். பிறகு கரையோரம் பாய் கிழிந்த இடத்தைக் காட்டினேன். குனிந்து பார்த்தார். லேசாகத் தள்ளியதே போதுமாக இருந்தது.

அவருக்கு நீச்சல் தெரியும். முதலில் பயப்படவில்லை.

"தெரியாம கை பட்டுடுச்சா தம்பி? பரவால்ல. பெட்டில கயிறு கெடக்கு, எடுத்துப் போடு."

எடுத்து வந்தேன். கரையில் உட்கார்ந்து மடியில் வைத்துக்கொண்டேன். அவர் ஒரு பக்கம் ஏறப் பார்த்தார். சறுக்கியது. அடுத்த பக்கம் போனார். அவளும் இப்படித்தான் வரிசையாகப் போயிருப்பாள். எந்தப் பக்கத்தில் நம்பிக்கை விட்டுப்போகும் என்பது எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. மூன்றாவதில் என்று நினைக்கிறேன். அங்கேதான் அவர் என் முகத்தைப் பார்த்தார்.

"அன்னிக்கே சொன்னேனேப்பா. நாளைக்கே ஒரு கயிறு வாங்கிக் கட்டிருன்னு. அதுக்கும் சேர்த்துதானே பணம் வந்துச்சு."

அவர் கடைசியாகப் பேசியது அதுதான்.

போலீஸ்காரர் நீங்கள் கேட்கிறீர்கள், மறைக்க ஒன்றுமில்லை. அவர் சொன்னது உண்மை. பணமும் வந்தது. அதில் நான் புதுப் போன் வாங்கினேன். கயிறு என்னாச்சுங்க என்று அவளும் இரண்டொரு தடவை கேட்டாள். ஆனால் ஆய்வாளர் அதைச் சிரித்துக்கொண்டே சொன்னார். கொஞ்சம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தால் அன்றைக்கே கட்டியிருப்பேன். அவளைக் கொன்றது யார் என்று இப்போது நீங்களே சொல்லுங்கள்.